பதில் வரும்வரை



பங்கின் வீடுகளைச் சந்திக்கச் சென்ற ஒரு மாலைப்பொழுதில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம், "தம்பி, உங்கட பேர் என்ன?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், உதடுகள் அசைந்தன. அதற்குள் தாயார் பெயரைச் சொல்லிவிட்டார். வயதைக் கேட்டேன், அம்மம்மா பதில் அளித்தார். "இவன் கதைக்கமாட்டான் சுவாமி, சரியான வெட்கம்" என்றார் தாயார். நானும் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டேன். அடுத்த வீட்டின் படலையைத் திறக்கும்போதுதான், அவன் பேசத் தொடங்கியிருந்தான் என்பது நெஞ்சில் உறுத்தியது.

உரையாடல் சொற்களுக்கு முன்பே பிறந்துவிடுகிறது. மொழி ஆய்வாளர் கதரின் ஸ்நோ 1977 இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத் தாய்மார் தம் மூன்று மாதக் குழந்தைகளின் ஏப்பத்தையும் கொட்டாவியையும்கூடப் பதிலாக ஏற்று மறுமொழி கூறியதைப் பதிவுசெய்தார். நம் தாய்மாரும் "ஓ, பால் காணுமோ?" என்று கேட்டுச் சற்று நிறுத்துகிறார்கள் அல்லவா? அந்தச் சிறு இடைவெளியிலேதான், 'இப்போது உன் முறை' என்பதைக் குழந்தை அறிகின்றது.

தொலைக்காட்சி இதைக் கற்பிக்குமா? 2003 இல் பற்றீசியா கூலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் ஒருவர் விளையாடிப் பேசக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. திரை குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதன் பதிலுக்குக் காத்திருப்பதுமில்லை.

மூன்று வயதுப் பிள்ளை ஓடிவந்து, "அவன் அடிச்சுப்போட்டான்" என்கிறது. யார், எங்கே என்று சொல்வதில்லை. தனக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும் என்றே நினைக்கிறது. "ஆர் அடிச்சது?" என்று நாம் பொறுமையாகக் கேட்கும்போதுதான், கேட்பவரின் மனத்தையும் எண்ணிப் பேசவேண்டும் என்பதைப் பழகுகிறது. வெளிநாட்டிலிருந்து தந்தை அழைக்கும்போது, பிள்ளை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாய்திறவாமல் தலையை மட்டும் ஆட்டுவதும் இதனாலேயே. அதைக் கண்டு சிரிக்கிறோம். மறுமுனையில் தந்தைக்கோ மௌனம் மட்டுமே கேட்கிறது.

பெரியவர்களாகிய நாம் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல எடுக்கும் இடைவெளி, ஏறத்தாழ ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு. 2009 இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில் தெரியவந்த அளவு இது. கேள்வியை விளங்கி, சொல்லைத் தேடி, வாக்கியமாக்க வேண்டிய பிள்ளைக்கு இந்த நேரம் போதாது. அந்தத் தாமதத்தையே நாம் வெட்கம் என்கிறோம். போதாக்குறைக்கு, "பெரியாக்கள் கதைக்கேக்க வாய் காட்டாதே" என்ற அதட்டல் வேறு!

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். மூன்று நாள் தேடி அலைந்த மரியா, ஆலயத்தில் மகனைக் கண்டதும் கேட்பது ஒரு கேள்வி. பன்னிரண்டு வயது மகனும் கேள்வியாலேயே மறுமொழி கூறுகிறார். நாசரேத்து வீட்டில் பிள்ளையின் கேள்விகள் அடக்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு மறுபடியும் சென்றேன். தாயாரிடம் சற்றுப் பொறுக்குமாறு சைகை காட்டிவிட்டு, தரையில் அமர்ந்து, சிறுவனிடம் பெயரைக் கேட்டேன். நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு பெயரைச் சொல்லவில்லை, "எங்கட நாய் குட்டி போட்டிருக்கு, பாக்கப் போறீங்களோ?" என்று கேட்டான்.