கண்ட ஆட்டமும் காணாத ஆட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள் பெரிதும் விரும்பிக் காணும் ஆட்டங்களுள் ஒன்று பேஸ்பால். மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்பெறும் இதில் அணிக்கு ஒன்பதின்மர் களம் இறங்குவர். ஆட்டம் ஒன்பது சுற்றுகளை உடையது. இதனை நேரிற் சென்று காண்போருள் சிலரிடம் ஒரு நல்வழக்கம் உண்டு. தாம் கண்ட ஆட்டங்களில் தம் அணி எத்தனை முறை வென்றது, எத்தனை முறை தோற்றது என்பதை அவர்கள் குறிப்பேட்டில் எழுதி வருவர்.

அவ்வாட்டத்தைக் குறிக்கும் முறையும் அறியத்தக்கது. களத்தில் நிற்போர் ஒன்பதின்மருக்கும் இடத்திற்கேற்ப 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடையே நிற்பவர்க்கு எண் 6. முதல் தளத்தில் நிற்பவர்க்கு எண் 3. '6-3' என எழுதின், முன்னவர் பந்தை எடுத்துப் பின்னவர்க்கு எறிய, அடித்தவர் ஆட்டமிழந்தார் என்பது பொருள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய செய்தியாளர் ஹென்றி சாட்விக் (1824–1908) ஆட்டக் குறிப்புமுறையை வளர்த்தோருள் தலையாயவர்.

இனி, ஒருவரது குறிப்பேடு அணியின் முழு வலிமையையும் காட்டுமோ? காட்டாது. மேஜர் லீக் எனப்படும் உயர்நிலைப் போட்டியில் ஓர் அணிக்கு ஆண்டுதோறும் 162 ஆட்டங்கள் வகுக்கப்பெறும். ஒருவர் பத்து ஆட்டங்களைக் கண்டால், எஞ்சிய 152 ஆட்டங்கள் அவர் காணாதவை. 2001ஆம் ஆண்டில் சியாட்டில் மரைனர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்று, 46இல் தோற்றது. தோற்ற நாள்களில் மட்டும் அரங்கிற்குச் சென்றவர்க்கு அச்சிறந்த அணியும் எளிய அணியாகவே தோன்றியிருக்கும். 1962ஆம் ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் அணி 40 ஆட்டங்களில் மட்டுமே வென்று, 120இல் தோற்றது. வென்ற நாள்களில் மட்டும் சென்றவர்க்கு அது வெல்லற்கரிய அணியாகக் காட்சியளித்திருக்கும். 'யான் சென்றமையால் அன்றோ அணி தோற்றது!' என வருந்துவாரும் உளர். காண்பவர் வருகைக்கும் ஆட்டத்தின் முடிவிற்கும் தொடர்பு யாது? கண்ட ஆட்டங்கள் மிகச் சிலவாதலே இம்மயக்கத்திற்குக் காரணம்.

எனினும், அக்குறிப்பேடு பயனற்றதன்று. மனம் வெற்றியைப் போற்றி வைக்கும்; தோல்வியை எளிதில் மறக்கும். அன்றன்றே எழுதப்பெற்ற ஏடோ இரண்டினையும் ஒப்பக் காக்கும். தோல்வியை எழுதாது விடுபவர் பிறரை அன்று, தம்மையே ஏமாற்றிக் கொள்கின்றனர்.

கண்டதைக் கண்டவாறே எழுதுதல் வேண்டும். கண்ட சிலவற்றைக் கொண்டு காணாத பலவற்றை முடிவு செய்தல் கூடாது. ஆட்டக்களத்தில் பிறந்த இவ்விரு நெறிகளும் ஆராய்ச்சித் துறைகள் அனைத்திற்கும் உரியனவாம்.