முத்திரை விழாத முதல் நாள்

கல்லூரிக் குழுவோடு கடல் கடக்கும் மாணவர்களுக்கு முதல் நாள் எதைக் கற்றுத் தருகிறது என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது, வெளியே காத்திருக்கும் பஸ்தான்

பாஸ்போர்ட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார் அந்த மாணவி. முதல் முத்திரை எந்தப் பக்கத்தில் விழவேண்டும் என்று தோழிகளோடு பேசி முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முத்திரை குத்த யாரும் இல்லை. இயந்திரம் முகத்தையும் கண்ணையும் பார்த்தது. தடுப்புக் கதவு திறந்தது. அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலில் வந்து சேரும். மும்பையில் இந்திய அதிகாரி குத்தி அனுப்பிய புறப்பாட்டு முத்திரைதான் அந்தப் புதுப் பாஸ்போர்ட்டில் பட்ட ஒரே மை.

வயது 20. நாக்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா ரயில்வே ஊழியர். சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. மாணவர்கள் 38 பேர், பேராசிரியர்கள் இருவர், பயண ஏற்பாட்டாளர் ஒருவர். ரயிலில் மும்பை, அங்கிருந்து இரவு விமானம். கல்லூரியின் சுற்றறிக்கையில் இதன் பெயர் 'சர்வதேசக் கல்விச் சுற்றுலா'. கட்டணம் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் கட்டினார். எல்லோரும் போகும்போது மகள் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கணக்கே எழுந்திருக்காது. அன்னியச் செலாவணி அன்று எண்ணி எண்ணிக் கொடுக்கப்பட்ட சரக்கு. 2004இல்தான் ரிசர்வ் வங்கி தனிநபர்கள் தாராளமாகப் பணம் அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது உச்சவரம்பு ஆண்டுக்கு 25,000 அமெரிக்க டாலர். இன்று இரண்டரை லட்சம். கதவு திறந்ததும் சிறு நகரக் கல்லூரிகளும் நுழைந்தன. சிங்கப்பூர், துபாய், பாங்காக் என்று சேர்க்கை விளம்பரங்களில் ஊர்ப் பெயர்கள் இடம்பிடித்தன.

விமான நிலையத்திலேயே பாடம் தொடங்கிவிட்டது. சூயிங்கம் இறக்குமதிக்கு அங்கே 1992 முதல் தடை. மெல்லும் புகையிலைக்கும் தடை. விதர்பாவிலிருந்து போகிற இளைஞர் கூட்டத்தில் யாராவது ஒருவர் பையில் குட்கா பாக்கெட் இல்லாமல் இருக்குமா? பேராசிரியர் விமானத்திலிருந்து இறங்கியதும் கண்டிப்பான குரலில் கேட்டார். மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு குப்பைத் தொட்டியைத் தேடிப் போனார்கள்.

அங்கே காலை 7 மணி. நாக்பூரில் 4.30. செல்போன் தானாகவே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது, உடம்பு ஓடவில்லை. ஓட்டல் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றார்கள். பெட்டிகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, பல் தேய்த்த கையோடு பஸ் ஏறியது குழு.

புது ஊர் பஸ்ஸின் கண்ணாடிக்கு வெளியே நகர்ந்தது. உள்ளே இருந்தது நாக்பூர்தான். இந்திப் பாட்டு, மராத்திக் கிண்டல், சிவ்டா பொட்டலம். எல்லோரும் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குவித்தார்கள். அந்த ஊரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

மதியச் சாப்பாடு, பல கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் உணவங்காடி ஒன்றில். 2020இல் யுனெஸ்கோவின் கலாசாரப் பட்டியலில் இடம்பெற்ற வழக்கம் இது. ஒரு டாலர் 65 ரூபாய்க்கு மேல் என்பதால், ஒவ்வொரு தட்டையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தபிறகே ஆர்டர். சாப்பிட்டு எழுந்தவர்களைப் பக்கத்து மேஜை முதியவர் கைகாட்டி நிறுத்தினார். தட்டை அதற்குரிய இடத்தில் திருப்பி வைக்காமல் போவது அங்கே 2021 முதல் அபராதத்துக்குரிய குற்றம். நாற்பது பேரும் தட்டேந்தி வரிசையில் நின்றார்கள். அந்த மாணவி வீட்டில்கூடத் தன் தட்டைக் கழுவியதில்லை என்று தோழியிடம் ஒப்புக்கொண்டார்.

பிறகு இரண்டு நிறுத்தம் மட்டும் மெட்ரோ ரயில். 'அனுபவத்துக்காக' என்றது நிகழ்ச்சி நிரல். நடைமேடை இடைவெளியைப் பற்றி எச்சரித்த அறிவிப்பு நான்கு மொழிகளில் வந்தது. அதில் ஒன்று தமிழ். வீட்டுக்குள் மட்டுமே கேட்டுப் பழகிய மொழி. நாக்பூரில் அதை 'மதராஸி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இங்கே அது ஆட்சிமொழி. பள்ளியில் தமிழ் படிக்காதவர், பலகையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். தோழிகள் அவரைப் புதிதாகப் பார்த்தார்கள்.

கல்விச் சுற்றுலாவின் 'கல்வி'ப் பகுதி பிற்பகல் 3 மணிக்கு: மரினா அணை. கடலும் ஆறும் சேரும் கால்வாயின் குறுக்கே 2008இல் திறக்கப்பட்டது. 350 மீட்டர் நீளம், ஒன்பது எஃகு மதகுகள். உப்புநீரைத் தடுத்து, நகரின் நடுவிலேயே நன்னீர்த் தேக்கம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இங்கே வந்து சேருகிறது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்பதால், ஒவ்வொரு துளிக்கும் கணக்கு வைக்கும் நாடு அது.

ஒதுக்கிய நேரம் 40 நிமிடம். பெரும்பாலோர் கூரைப் புல்வெளிக்கு ஏறி, உயர்ந்த கட்டடங்களைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த மாணவி கீழ்த்தளத்தில் மாதிரி வடிவத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார். காரணம் இருந்தது. 2023 செப்டம்பர் 23 அதிகாலை கொட்டிய மழையில் நாக்பூரின் அம்பாசரி ஏரி நிரம்பி வழிந்தது. நாக் ஆற்றங்கரைப் பகுதிகளில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. இவர் வீட்டில் கட்டில் உயரம். அம்மாவின் தையல் மெஷினும் இவருடைய புத்தகங்களும் போயின.

கேட்க அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. மழை கொட்டும்போது மதகைத் திறந்து வெள்ளத்தைக் கடலில் விடலாம், சரி. கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் மழை கொட்டினால்? அங்கிருந்த ஊழியர் உற்சாகமாகிவிட்டார். அப்போது மதகைத் திறக்கமாட்டோம், ஏழு ராட்சதப் பம்புகள் நீரைக் கடலுக்குள் தள்ளும் என்று விளக்கினார். அதோடு இன்னொன்றும் சொன்னார். மழைநீர் போகும் பாதை வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. இரண்டும் கலப்பதில்லை. அதனால்தான் தெருவில் ஓடும் மழைநீரைச் சுத்திகரித்துக் குடிக்க முடிகிறது. நாற்றமடித்த சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கவே 1977 முதல் 1987 வரை பத்து ஆண்டுகள் பிடித்தன.

வெளியே பஸ்ஸில் தலை எண்ணினார்கள். 37. இன்னொரு முறை எண்ணினார்கள். அதே 37. பேராசிரியரின் முகம் வெளுத்தது. அன்னிய நாட்டில் ஒரு பெண் காணவில்லை என்றால் பெற்றோருக்கும் முதல்வருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 12 நிமிடம் கழித்து மாணவி ஓடி வந்தபோது, கோபத்தைவிட நிம்மதிதான் அவர் குரலில் அதிகம். ஆனாலும் எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. இனி யாரும் தனியாக எங்கும் நிற்கக் கூடாது என்று உத்தரவு. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பது நிமிடத்தில் ஓர் அணையைக் காட்டி முடிக்கும்படி நிரலைப் போட்டவர் அவரல்ல.

மாலை செரங்கூன் சாலையில் கடைவீதி. அதற்கு ஒதுக்கிய நேரம் மூன்று மணி. பஸ் அங்கே யாரையும் அவசரப்படுத்தவில்லை.

இரவு 11 மணி. ஊரில் 8.30. விடுதி அறையிலிருந்து வீட்டுக்குப் போன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியா?" அப்பா போனை வாங்கினார். "என்னம்மா பார்த்தே?"

ஒன்பது மதகையும் ஏழு பம்பையும் பற்றி மகள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அப்பா கொஞ்சம் யோசித்தார். அப்படி ஒன்றை அம்பாசரியில் கட்ட முடியாதா என்றார்.

"நம்ம ஊர்ல கடல் ஏதுப்பா? மதகு வேண்டாம். சாக்கடையையும் மழைத்தண்ணியையும் பிரிச்சாலே ஆறு ஆறா இருக்கும்."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. சங்கத்துக் கடனுக்கு இன்னும் பல தவணை பாக்கி. "நாளைக்கும் நல்லாப் பாரு" என்றார் அப்பா. மறுநாள் நிரலில் இருந்தது கேளிக்கைப் பூங்கா.