ஏழாம் பிரிவுக் கார்கள்

எந்த விளையாட்டுக்கும் விதிகள் உண்டு. விதிகள் பெருகப் பெருக விளையாட்டுச் செம்மையடைகின்றதா, அன்றிச் சுவை குன்றுகின்றதா என்பது பழைய வழக்கு. மோட்டார்ப் பந்தயப் பிரியர்கள் இவ்வழக்கை வாதிக்கும்போது, விதி குறைந்த பக்கத்துக்குச் சாட்சியாக இன்றும் அழைப்பது ஒரே போட்டியைத்தான். 1966ஆம் ஆண்டு தொடங்கி 1974ஆம் ஆண்டுவரை கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நடைபெற்ற கனடா-அமெரிக்கச் சவாற் கிண்ணப் போட்டியே அது. சுருக்கமாகக் கான்-ஆம் என்பர்.

மோட்டார்ப் பந்தயங்களை ஆளும் சர்வதேசச் சங்கம் கார்களைப் பல பிரிவுகளாக வகுத்திருந்தது. அவற்றுள் ஏழாம் பிரிவு என்பது ஏறக்குறைய ஒரு திறந்த வாயில். காருக்கு இரண்டு ஆசனங்கள் வேண்டும். சக்கரங்கள் மூடப்பட்டிருக்க வேண்டும். பாதுகாப்புக்கான சில அடிப்படை ஏற்பாடுகள் வேண்டும். எஞ்சினின் பருமனுக்கோ எல்லையே கிடையாது. அதே 1966இல் போமுலா ஒன் எனப்படும் உலகப் போட்டியில் எஞ்சின் மூன்று லீற்றருக்கு மேற்படலாகாது என்றிருந்தது. கான்-ஆம் கார்களோ ஏழு லீற்றர், எட்டு லீற்றர் என வளர்ந்தன. இலங்கை வீதிகளிற் பலகாலம் ஓடிய மொறிஸ் மைனர் காரின் எஞ்சின் ஒரு லீற்றரை ஒட்டியது என்பதை நினைவிற் கொண்டால், அந்தப் பருமன் ஒருவாறு விளங்கும். இரண்டாவது ஆசனத்தில் எவரும் அமர்ந்து பந்தயம் போனதில்லை. அது விதியின் மானங்காக்க வைக்கப்பட்ட ஆசனம்.

முதற் பந்தயம் 1966 செப்டெம்பரில் கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள சென் ஜோவீற் என்னுமிடத்தில் நடந்தது. பிரித்தானியரான ஜோன் சர்ற்றீஸ் லோலாக் காரொன்றில் வென்றார்; அவ்வாண்டின் கிண்ணமும் அவருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆட்சி நியூசிலாந்தைச் சேர்ந்த புரூஸ் மக்லாரன் நிறுவிய குழுவின் கைக்கு மாறியது. அவரும் அவருடைய நாட்டவரான டெனி ஹல்மும் செம்மஞ்சள் நிறம் பூசிய கார்களில் முன்னும் பின்னுமாக ஓடி, முதலிரு இடங்களையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. பத்திரிகைகள் இதனைப் புரூஸும் டெனியும் நடத்தும் காட்சி என்று கேலியும் வியப்பும் கலந்து எழுதின. 1969இல் நடைபெற்ற பதினொரு பந்தயங்களையும் அக்குழுவே வென்றது. புரூஸ் ஆறு, டெனி ஐந்து. மிச்சிகனில் நடந்த பந்தயத்தில் மேலதிகமாக இருந்த காரில் டான் கேர்னி என்ற அமெரிக்கரும் ஏறிக்கொள்ள, மூன்றாமிடமும் மக்லாரனுக்கே போயிற்று.

1970 ஜூன் 2ஆந் திகதி, இங்கிலாந்தின் குட்வுட் ஓடுபாதையில் புதிய காரைப் பரீட்சித்துக் கொண்டிருந்தபோது, காரின் பின்புற மூடி கழன்றது. கட்டுப்பாட்டை இழந்த கார் மோதிச் சிதைய, புரூஸ் மக்லாரன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 32. பன்னிரண்டு நாட்களின் பின் கனடாவின் மொஸ்போட்டில் அவ்வாண்டின் முதற் பந்தயம் நடக்கவிருந்தது. அதற்கு முந்திய மே மாதத்தில் இந்தியனபொலிஸில் ஏற்பட்ட தீயினால் டெனி ஹல்மின் கைகள் வெந்திருந்தன. அந்தக் கைகளோடு அவர் சுக்கானைப் பிடித்து மூன்றாவதாக வந்தார். அன்று வென்றவர் மக்லாரன் கார் ஓட்டிய கேர்னி. அவ்வாண்டுக் கிண்ணம் ஹல்முக்குக் கிடைத்தது.

மக்லாரன் குழுவினர் புதுமையிற் பெரிதும் இறங்கியவர்கள் அல்லர். செய்ததைத் திருந்தச் செய்து, பிழையின்றி ஓடி வென்றவர்கள். புதுமைக்கு உறைவிடம் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்து மிட்லண்ட் நகரம். அங்கே ஜிம் ஹோல் என்பவர் சப்பறல் என்ற பெயரிற் கார்களைச் செய்தார். 1966இல் அவர் கொணர்ந்த காரின் பின்புறத்தில் இரு தூண்களின்மேல் ஒரு சிறகு உயர்ந்து நின்றது. விமானத்தின் சிறகு விமானத்தை மேலே தூக்குகிறது. அதனைத் தலைகீழாகத் திருப்பினால் காரைத் தரையில் அழுத்தும். அழுத்தம் கூடினால் ரயர்கள் வளைவுகளிலே பிடி விடா. இதுவே அதன் தத்துவம். நேர்ப்பாதையிற் காற்றின் தடையைக் குறைக்கும் பொருட்டு, ஓட்டுநர் மிதியொன்றின் மூலம் சிறகைச் சாய்க்கவும் இயலும். சிறகின் அழுத்தம் காரின் உடலிலன்றி நேரே சக்கரங்களைத் தாங்கும் பாகங்களில் இறங்கும்படி அமைத்தமை இன்னும் நுட்பமானது.

ஆயினும் ஹோலின் பேர்போன படைப்பு 1970இல் வந்தது. சிறகுக்கு வேகம் வேண்டும். மெல்லச் செல்லும் வளைவில் அது பயன்தராது. எனவே அவர் காரின் அடியிலிருந்தே காற்றை உறிஞ்ச எண்ணினார். காரின் பின்னால் இரு பெரிய விசிறிகள். அவற்றைச் சுழற்றப் பனிமேல் ஓடும் வண்டிக்குரிய சிறிய எஞ்சின் ஒன்று. விளிம்பைச் சுற்றித் தரையை ஒட்டித் தொங்கும் தகடுகள். அடியில் அமுக்கம் குறைய, வெளிக்காற்று காரைப் பாதையோடு சேர்த்து அழுத்தியது. நின்ற நிலையிலும் அந்த அழுத்தம் இருந்தது. வொட்கின்ஸ் கிளென்னில் முதன்முறை இறங்கியபோது ஜக்கி ஸ்ருவேட் அதில் அன்றைய அதிவேகச் சுற்றை ஓடினார். ஆண்டின் இறுதியில் றிவர்சைட்டில் விக் எல்போர்ட் தகுதிகாண் ஓட்டத்திலே ஏனையோரை இரண்டு செக்கனுக்கு மேலாகப் பின்தள்ளினார். பத்திலொரு செக்கனுக்குப் போராடும் விளையாட்டில் இது ஒரு யுகம். கோளாறுகளால் அக்கார் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. ஆனாலும் முறைப்பாடுகள் எழுந்தன: விசிறி, அசையும் காற்றியக்கச் சாதனமாம், பின்னே வருவோர்மீது கல்லும் மண்ணும் வாரி இறைக்கிறதாம். பருவம் முடிந்ததும் அது தடைசெய்யப்பட்டது. உயர்ந்த சிறகுகளுக்கு அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது.

இங்கே கவனிக்கத்தக்கதொன்று உண்டு. விதியற்ற போட்டி என்று புகழப்படும் கான்-ஆம், புத்திசாலித்தனத்துக்கு விதி விதித்தது, வலுவுக்கு விதிக்கவில்லை. அந்தத் தீர்ப்பின் பயனை அறுவடை செய்ய ஜேர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். போர்ஷே நிறுவனம், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தாற் சில்லொன்றைச் சுழற்றி, அச்சில்லினால் எஞ்சினுக்குள் மேலதிகக் காற்றைத் திணிக்கும் முறையைக் கையாண்டது. ரேபோ என்பது இதுவே. மிதியை அழுத்தியதும் வலு வராது. ஒரு கணம் தாமதித்து, வெள்ளம்போல் ஒருமிக்க வரும். வளைவின் நடுவிலேயே அதனை எதிர்பார்த்து மிதிக்க வேண்டும். இயந்திரவியல் கற்ற மார்க் டொனஹியூ, பொறியியலாளருடன் கூடியிருந்து இக்குறையைப் படிப்படியாகத் தீர்த்தார். 1972இல் பரீட்சை ஓட்டமொன்றிற் பின்புற மூடி கழன்று அவர் காயமடைய, அவருக்குப் பதிலாக ஏறிய ஜோர்ஜ் பொல்மர் கிண்ணத்தை வென்றார். அடுத்த ஆண்டு டொனஹியூ ஓட்டிய கார் 5.4 லீற்றர் எஞ்சினிலிருந்து 1,100 குதிரைவலு தந்தது. எட்டுப் பந்தயங்களில் இறுதி ஆறும் அவருக்கே. ஏனைய இரண்டும் பிறர் ஓட்டிய போர்ஷேக்களுக்கு.

மக்லாரன் குழு 1972உடன் விலகிவிட்டது. பெருநிறுவனத்தின் பணத்தோடு சிறு குழுக்கள் போட்டியிட இயலுமா? வெற்றியாளர் யாரென்பது முன்கூட்டியே தெரிந்த பந்தயத்துக்குப் பார்வையாளர் எத்தனை காலம் வருவர்? 1973 ஒக்ரோபரில் எழுந்த எண்ணெய் நெருக்கடியே கான்-ஆமைக் கொன்றது என்று சொல்வது வழக்கம். நோயாளி ஏற்கெனவே படுக்கையிற் கிடந்தார் என்பதே பொருத்தம். 1974இல் கலனொன்றுக்கு மூன்று மைலாவது ஓடவேண்டும் என்ற எரிபொருள் விதி வந்தது. போர்ஷேயின் பெரும் பலம் ஓய்ந்தது. ஷடோக் காரில் ஜக்கி ஒலிவர் வென்றார். ஐந்து பந்தயங்களோடு பருவம் நின்றது. 1977இல் அதே பெயரைச் சூட்டி, ஒற்றை ஆசனக் கார்களுக்கு மேலாடை போர்த்தி மீண்டும் ஒரு போட்டி நடத்தினார்கள். பெயர் இருந்தது, பழைய முழக்கம் இல்லை.

அக்காலத்தை நினைந்து ஏங்குவோர் பொய் சொல்லவில்லை. எட்டு லீற்றர் எஞ்சின் இருபது ஒன்றாக முழங்க நிலம் அதிர்ந்தமை உண்மை. எவனும் தன் கொட்டகையில் ஒரு புதுமையைச் செய்து கொண்டுவரலாம் என்றிருந்தமையும் உண்மை. 1970இல் ஒருவர் நான்கு சிறு எஞ்சின்கள் பூட்டிய காரொன்றைக் கொண்டுவந்தார். ஓடத் தகுதி பெறவில்லை. அதனால் என்ன, கொண்டுவந்தாரே! எனினும் ஏக்கம் தனக்கு வேண்டாததை விட்டுவிடும். டொனஹியூ 1975 ஓகஸ்டில் தம் பழைய போர்ஷேயில் ரல்லடீகாவில் மணிக்கு 221 மைலுக்கு மேல் ஓடிச் சாதனை நிறுவினார்; அதே மாதத்தில் ஒஸ்திரியாவில் போமுலா ஒன் பயிற்சியிற் காயமுற்று மாண்டார். 1971இன் கிண்ணத்தை வென்ற பீற்றர் றெவ்சன் 1974இல் தென்னாபிரிக்காவில் மாண்டார்.

றிவர்சைட் ஓடுபாதை 1989இல் மூடப்பட்டது. அவ்விடத்திற் பின்னர் வாணிப நிலையமும் வீடுகளும் எழுந்தன. விசிறிக் கார் அழியவில்லை. மிட்லண்ட் நகரத்து நூதனசாலையொன்றில், சப்பறல் கார்களுக்கென ஒதுக்கப்பட்ட மண்டபத்தில், அது தன் உடன்பிறப்புக்களோடு வைக்கப்பட்டிருக்கின்றது. அது பெற்றோலியத்தின் வரலாற்றைக் கூறும் நூதனசாலை.