கரடும் முரம்பும்

கல்லும் மேடும் நிறைந்த நிலத்தை வருணிக்குமிடத்து, ஆங்கில நூல்களில் 'ரக்கெட்' என்றோர் அடைமொழி பெரிதும் பயின்று வரும். அதன் பிறப்பு வியப்புக்குரியது. அது முதற்கண் நிலத்தைக் குறித்ததன்று. சடைத்த மயிரையுடைய விலங்கைக் குறித்தது. கம்பளத்தைச் சுட்டும் 'ரக்' என்னும் பெயரும் அதற்கு உறவே. இரண்டும் ஸ்காண்டிநேவிய மூலத்தன என்பர் அறிஞர். மயிரின் முரட்டுத் தன்மையைச் சுட்டிய சொல், 17-ஆம் நூற்றாண்டளவில் மேடுபள்ளமான கல்நிலத்திற்கும் ஆயிற்று. 'கிராகி' என்பதோ, செங்குத்துப் பாறையைக் குறிக்கும் கெல்டிக் மொழிச் சொல்லின் வழிவந்தது. 'ஸ்டோனி' என்பது உதிரிக் கற்கள் மிகுந்த நிலத்திற்கு உரியது.

நம்மிற் பலர் இம்மூன்றையும் 'கரடுமுரடான' என்னும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்து அமைகின்றனர். தமிழில் வேறு சொல் இல்லையோ?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்வோர்க்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழிநெடுகத் துணைவரும். இராஜபாளையத்தருகே சஞ்சீவி மலை தனித்து நிற்கும். இத்தகைய நிலத்தோடு பழகிய தென்மாவட்ட மக்கள், மண்வளம் குன்றிய கற்குன்றைக் 'கரடு' என்பர். சிறு குன்றைப் 'பொத்தை' என்பர். பருக்கைக்கல் விரவிய மண்ணைச் 'சரளை' என்பர். கரடுமுரடு என்னும் தொடரில் நாம் எண்ணாது வழங்கும் கரடு, இங்கே கண்முன் நிற்கும் குன்றாகிறது.

பரற்கல் நிறைந்த மேட்டுநிலத்தைச் சங்கப் புலவர் 'முரம்பு' என்றனர். இராஜபாளையம் வட்டாரத்தில் 'முறம்பு' என்றோர் ஊர் உண்டு. வல்லின றகரம் இட்டு எழுதினும், அப்பெயர் செவிக்கு அப்பழஞ்சொல்லையே நினைவூட்டும். வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கே வாழ்நாளை ஈந்த தேவநேயப் பாவாணர் (1902–1981) தம் இளமையில் ஆசிரியப் பணி புரிந்ததும் அவ்வூர்ப் பக்கத்தில்தான்.

இச்சொற்களின் வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. சரளை நிலத்தில் மழைநீர் கீழிறங்கும். கிணறு தோண்டக் கடப்பாரை உதவும். பிளவற்ற பாறையிலோ நீர் வழிந்தோடிவிடும். வெடி வைத்தே அதனைத் தகர்த்தல் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் அறிந்து காணி வாங்குவோன் கைப்பொருள் இழப்பான்.

ஆகவே, மொழிபெயர்ப்போர் அகராதியைப் புரட்டுமுன், கரட்டடியில் ஏர் பிடிக்கும் முதியவரை ஒருமுறை வினவுவாராக. மேடுபள்ளமாயின் கரட்டு நிலம் என்க. பாறை நிமிர்ந்து நிற்பின் செங்குத்துப் பாறை என்க. உதிரிக்கல் மிகின் பரல் நிலம் என்க. சொல் மங்கினால், அது சுட்டிய நிலத்தைப் பற்றிய அறிவும் உடன் மங்கும்.