வளர்ந்த பூனைக்குட்டிகளைப் பால் மறக்கச் செய்தல்

அறுவடையாகி வீடு சேர்ந்த தானியத்துக்கு நேரிடும் சத்துருக்களில் எலியே முதன்மையானது. ஓர் எலி நாளொன்றுக்குத் தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு தானியத்தைத் தின்னும். தின்பதோடு நில்லாது, மயிராலும் புழுக்கையாலும் மூத்திரத்தாலும் அதனினும் அதிகமான தானியத்தைக் கெடுக்கும். ஆதலால் பத்தாயமும் விதை மூட்டைகளும் உள்ள வீட்டில் ஒரு நல்ல பூனை இருப்பது, சம்பளமில்லாத காவற்காரன் ஒருவன் இருப்பதற்கு ஒப்பாகும். பெருச்சாளியைப் பூனை சாதாரணமாக எதிர்ப்பதில்லை. எலிகளை அடியோடு ஒழிக்கவும் அதனால் இயலாது. எனினும் சுண்டெலிகளையும் இளம் எலிகளையும் பிடித்து, அவை பெருகாதபடி தடுக்கும்.

உழவு மாடு சிறிது இளைத்தாலும் உடனே கவனிக்கும் நாம், பூனை இளைத்தால் கவனிப்பதில்லை. பூனை இளைப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் பலரும் எண்ணிப் பாராத ஒன்று, வளர்ந்த குட்டிகள் பால் மறவாமல் தாயை உறிஞ்சிக்கொண்டிருப்பதாகும். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நேரிற் கண்டது

சில வருஷங்களுக்கு முன், விதைநெல் சேமிப்பைப் பார்வையிடும் பொருட்டு ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுக்காரர், "ஐயா, பூனை இருந்தும் எலித் தொல்லை ஓயவில்லை. இது வேட்டைக்கே போகாமல் எந்நேரமும் படுத்துக் கிடக்கிறது. இதை விரட்டிவிட்டு வேறொன்று கொண்டுவரலாமா?" என்று கேட்டார். வைக்கோல் போட்டிருந்த அறையிற் சென்று பார்த்தேன். தாய்ப்பூனை எலும்பும் தோலுமாகக் கிடந்தது. ஏறக்குறைய தாயளவு வளர்ந்துவிட்ட முந்தின ஈற்றுக் குட்டிகள் இரண்டு, முதல் நாள் பிறந்த மூன்று சிறு குட்டிகளைப் புறத்தே தள்ளிவிட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

குழந்தைகளைப் பால் மறக்கச் செய்யத் தாய்மார்கள் வேப்பெண்ணெய் தடவும் வழக்கத்தை நினைத்து, அவ்வாறே இதற்கும் தடவும்படி யோசனை கூறி வந்துவிட்டேன். மறுவாரம் சென்று விசாரித்தபோது, பூனை அவ்வெண்ணெயை நக்கி, வாயில் எச்சில் வடிய, இரண்டு நாள் ஆகாரமின்றிக் கிடந்தது என்றும், சிறு குட்டிகள் மூன்றும் இறந்தன என்றும் தெரியவந்தது. குற்றம் பூனையினுடையதன்று, என் யோசனையினுடையதே. பின்னர்க் கால்நடை வைத்தியர்களிடம் கேட்டும், பல வீடுகளிற் பார்த்தும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன்.

இயற்கையான முறை

பூனை சுமார் 63 முதல் 65 நாள் வரை கர்ப்பந்தாங்கிக் குட்டி போடும். குட்டிகள் ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கண் திறக்கும். நான்காம் வாரத்தில் பற்கள் முளைத்து, மெத்தென்ற ஆகாரத்தை நக்கத் தொடங்கும். அக்காலத்திலேயே தாய், கொன்ற எலியைக் கொண்டுவந்து குட்டிகளின் முன் இடும். பின்னர் உயிருள்ள எலியையே கொண்டுவந்து விட்டுப் பிடிக்கப் பழக்கும். எட்டாம் வாரத்துக்குள் குட்டிகள் பெரும்பாலும் ஆகாரத்தினாலேயே பிழைக்கக் கூடியவையாகும். தாயும் எழுந்து விலகியும், காலால் தள்ளியும், உறுமியும் பாலை மறுக்கத் தொடங்கும்.

ஆகையால் எட்டு வாரத்துக்கு முன் எக்காரணம் பற்றியும் குட்டியைத் தாயினின்றும் பிரித்துப் பிறருக்குக் கொடுத்தலாகாது. பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருந்த குட்டியே வேட்டையில் தேர்ச்சியும் நல்ல குணமும் உடையதாகும்.

அதற்கு மேலும் ஒரு குட்டி பால் குடிக்குமாயின், அது பசியினால் அன்று. பெரும்பாலும் பழக்கத்தினாலும் தாயின் அணைப்பை விரும்பியுமே ஆகும். உறிஞ்ச உறிஞ்சப் பால் ஊறும். உறிஞ்சாது விட்டால் வற்றும். பால் மறக்கச் செய்யும் வித்தை முழுவதும் இவ்வொன்றில் அடங்கியிருக்கிறது.

எப்போது தடுக்க வேண்டும்?

தாய் சதைப்பற்றோடு இருந்து, அதற்குப் புதிய ஈற்றும் இல்லையாயின், வளர்ந்த குட்டி நாளில் ஒருமுறை வாய் வைப்பதால் கெடுதி யாதும் இல்லை. அது தானே நின்றுவிடும். கீழ்க்கண்ட மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் கட்டாயம் தடுக்க வேண்டும்.

முதலாவது, தாய் இளைத்து முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும்போது. பால் கொடுக்கும் பூனைக்குச் சாதாரண காலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆகாரம் வேண்டியிருக்கும். அது கிடையாதபோது தன் உடம்பையே கரைத்துப் பாலாக்கும்.

இரண்டாவது, காம்புகளில் பல் பட்டுப் புண் கண்டிருக்கும்போது.

மூன்றாவது, தாய் மறுபடியும் சினைப்பட்டிருக்கும்போது. பால் கொடுக்கும் காலத்திலேயே பூனை சினையாகக் கூடும். இதுவே மிக முக்கியமானது. பிறந்த குட்டிக்கு நோயைத் தடுக்கும் சக்தி முதல் நாட் சீம்பாலினால் கிடைக்கிறது. அதை உடலில் ஏற்கும் தன்மை சிறு குட்டியின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள் மட்டுமே உண்டு. பூனைக்குச் சாதாரணமாக எட்டுக் காம்புகள் இருந்தபோதிலும், பெரிய குட்டிகள் பால் மிகுந்தவற்றைப் பற்றிக்கொண்டு சிறியவற்றை விலக்கிவிடும். ஆனபடியால் புதிய ஈற்றுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பெரிய குட்டிகளைப் பால் மறக்கச் செய்துவிட வேண்டும்.

செய்முறை

1. முதலில் குட்டிகளின் வயிற்றை நிரப்புக. காலை, மாலை, இரவு என மூன்று வேளை, குழைந்த சோற்றோடு முள் நீக்கிய மீனோ, வேகவைத்த முட்டையோ, இறைச்சித் துணுக்கோ பிசைந்து வைக்கவும். சோறும் பாலும் மட்டும் போதா, பூனை மாமிசபட்சணி. பசுவின் பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

2. குட்டிகள் உண்ட பின், தாயை வேறோர் அறையில் இரண்டு மணி நேரம் பிரித்து வைக்கவும். குட்டிகள் ஏறமுடியாத ஒரு பரணைத் தாய்க்கு ஒழித்துக் கொடுப்பதும் நன்று.

3. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இந்நேரத்தை அதிகப்படுத்தி, ஒரு வாரத்தில் பகல் முழுவதும், பின் இரவிலும் பிரித்து வைக்கவும். இவ்வாறு பத்து அல்லது பதினைந்து நாட்களில் பால் வற்றிவிடும். ஒரே நாளில் திடீரெனப் பிரித்தால் மடியில் பால் கட்டும்.

4. முற்றிலும் பிரிக்கும் நாளில், சினையில்லாததும் இளைக்காததுமான தாய்க்கு ஆகாரத்தைச் சிறிது குறைத்து, மூன்று நான்கு நாட்களில் மறுபடியும் பழைய அளவுக்குக் கொண்டுவரவும். இளைத்த பூனைக்கும் சினைப் பூனைக்கும் குறைத்தலாகாது.

5. மடியைப் பிதுக்கிப் பாலைக் கறக்க வேண்டாம். கறந்தால் மேலும் ஊறும்.

6. மடி மெலிந்து இரண்டு வாரம் கழிந்த பின், தாயையும் குட்டிகளையும் சேர்த்து விடலாம். மீண்டும் வாய் வைக்கும் குட்டியை அதட்டாமல் எடுத்து, ஆகாரத்தின் அருகே விடவும்.

செய்யத் தகாதவை

வேப்பெண்ணெய், கற்றாழை, மிளகாய் முதலிய எதனையும் காம்பில் தடவலாகாது. பசு தன் மடியை எப்போதோ நக்கும். பூனையோ தன் உடல் முழுவதையும் நாள்தோறும் நக்குவது. தடவியது அனைத்தும் அதன் வயிற்றுக்கே செல்லும். குட்டியை அடிப்பதும், கோணியிற் கட்டித் தொலைவில் விடுவதும் கொடுமையேயன்றி வேறில்லை. தாய் வேட்டைக்குப் போகாத இந்நாட்களில் எலிப் பாஷாணம் வைப்பதும் தவறு. நஞ்சு தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகக்கூடும்.

மடி சூடேறிக் கல்போலாகித் தொட்டாற் கத்துமாயினும், பாலில் இரத்தமோ சீழோ கண்டாலும் அது மடிநோய் எனக் கொள்க. பால் கொடுக்கும் பூனைக்கு நடுக்கமும், கால் விறைப்பும், மூச்சிறைப்பும் கண்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்திருக்கலாம்; சில மணி நேரத்தில் உயிர் போகும். இரண்டிலும் கைமருந்து செய்து காலங்கடத்தாமல் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும்.

மேல் நடக்க வேண்டியது

பெட்டைக் குட்டி ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக் கூடும். தாயும் மகளும் ஒரே அறையில் ஈன்றால் இத்தொல்லை இரட்டிக்கும். போதுமான பூனைகள் உள்ள வீட்டார், பால் வற்றிய பின் தாய்க்கும், பருவமறிந்து குட்டிகளுக்கும் கருத்தடைச் சிகிச்சை செய்வித்துக்கொள்வது உத்தமம். அதனால் வேட்டை குறையும் என்பது வீண் பயம். குட்டிகளுக்கு மூன்று மாதமானவுடன் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவிக்க வேண்டும்.

முன் சொன்ன வீட்டுக்காரர் அப்பூனையை விரட்டவில்லை. பெரிய குட்டிகள் இரண்டையும் இம்முறைப்படி பிரித்து, தாய்க்குத் தினம் மீன் தலையும் சோறும் அளித்து வந்தார். அடுத்த அறுவடைக்குள் அது பத்தாயத்தின் மேல் பழையபடி காவலிருந்தது. மறு ஈற்றுக் குட்டிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைத் தம் கிராமத்தாருக்கு எடுத்துரைப்பார்களாக. "பூனை வேட்டைக்குப் போவதில்லை" என்று சொல்லும் முன், அதன் மடியில் வாய் வைத்திருப்பது யார் என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.