பிறந்த மறுநாளே வாசலில் நின்ற தாதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியிலே கைக்குழந்தை வைத்திருந்த தாய்மாருக்குக் கோடைகாலத்தைப்போல் அச்சந்தருவது வேறொன்றும் இருந்ததில்லை. இத்தாலியின் தென்கோடிக் கிராமங்களிலிருந்தும், ருஷ்ய சாம்ராஜ்யத்தின் யூதக் குடியிருப்புகளிலிருந்தும் கப்பலேறி, எல்லிஸ் தீவு வழியாக வந்திறங்கிய குடும்பங்கள், ஜன்னலே இல்லாத உள்ளறைகளைக் கொண்ட மாடிக் கட்டடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. ஜூலை மாதத்து வெப்பத்தில் கடைப்பால் சீக்கிரம் கெட்டுப்போகும். அதைக் குடித்த சிசுவுக்குப் பேதி கண்டு, உடம்பின் நீர் வற்றி, வைத்தியர் வந்து சேருமுன்பே உயிர் பிரிந்துவிடும். ஆண்டுதோறும் நிகழ்ந்த இம்மரணங்களைப் பருவகாலத்தின் இயல்பென்று அதிகாரிகளும், தலைவிதியென்று பெற்றோரும் ஏற்றுக்கொண்டிருந்தனர். இரண்டும் பிழையென்று ஒரே கோடையில், ஒரே வட்டாரத்தில், கணக்கெடுத்துக் காட்டியவர் ஸாரா ஜோஸபின் பேக்கர் என்னும் வைத்தியர்.

1873-இல் பொகிப்ஸி என்னும் ஊரில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்த பேக்கர், பதினாறாவது வயதில் டைபாய்டு ஜுரத்துக்குத் தந்தையைப் பறிகொடுத்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தம்முடையதென்று துணிந்து, பெண்கள் வைத்தியம் படிப்பதை உற்றாரே விரும்பாத அக்காலத்தில், நியூயார்க் பெண்கள் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1898-இல் பட்டம் பெற்றார். சொந்தத் தொழிலில் வருமானம் போதாமையால் 1901-இல் நகரச் சுகாதார இலாகாவில் பரிசோதகர் வேலையை ஏற்றார். சோறு தேடிப் போன இடத்திலே வாழ்நாள் இலட்சியம் கிடைத்ததென்றுதான் சொல்லவேண்டும். மேற்குப் பகுதியின் ஏழைக் குடியிருப்புகளில் படியேறி இறங்கி, நோயுற்ற குழந்தைகளைத் தேடிச் சென்றபோது அவர் கண்டது ஒன்றே: நோய் கண்டபின் செல்பவர், எத்துணைத் திறமை படைத்தவராயினும், காலந்தாழ்ந்தே சென்றவராகிறார்.

ஆகவே, நோயில்லாத குழந்தையிடம் போகவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். வைத்தியரென்பவர் நோயாளியிடம் செல்பவரென்று மட்டுமே உலகம் அறிந்திருந்த அந்நாளில் இது விபரீதமான யோசனை. 1908-ஆம் ஆண்டுக் கோடையில், பள்ளிகள் மூடப்பட்டிருந்தமையால் வேலையின்றியிருந்த சுமார் முப்பது பள்ளித் தாதியரைப் பெற்றுக்கொண்டு, இத்தாலியர் மிகுந்த ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறப்புப் பதிவாளரிடமிருந்து முந்திய நாள் பிறந்த குழந்தைகளின் பெயரும் விலாசமும் உடனுக்குடன் வந்தன; அவற்றைக் கையிற் கொண்டு தாதி அவ்வீட்டு வாசலில் போய் நிற்பாள். தாய்ப்பாலே கொடுக்கவேண்டும், தினமும் நீராட்டவேண்டும், துணிகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டாமல் மெல்லிய ஆடை போதும், அறையிற் காற்று உலவட்டும், குழந்தையை வெளியே தூக்கிச் செல்லுங்கள் என்பவையே அவள் சொன்னவை. கோடை முடிந்து கணக்குப் பார்த்தபோது, அவ்வட்டாரத்தில் முந்திய ஆண்டுக் கோடையைவிட 1,200 குழந்தைகள் குறைவாக இறந்திருந்தனர்; நகரின் மற்றப் பகுதிகளில் நிலைமை மாறவில்லை. புதிய மருந்து ஒன்றுமில்லை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் எழவில்லை. எழுத்தறியாத தாய் சொன்னதைக் கேட்டுக்கொள்ள வல்லவள் என்ற நம்பிக்கை மட்டுமே புதிது. குடியேறி வந்தவர்களின் அழுக்கையும் அறியாமையையும் பழிப்பதே பத்திரிகைகளுக்கு வழக்கமாயிருந்த காலத்தில், இதுவே அவருடைய ஆராய்ச்சியின் மேலான முடிவென்று நான் கருதுகிறேன்.

அவ்வாண்டிலேயே குழந்தைச் சுகாதாரத்துக்கென்று தனிப் பிரிவொன்று நிறுவப்பட்டு, பேக்கர் அதன் தலைவரானார். பெண்ணுக்குக் கீழே வேலை செய்வதா என்று ஆறு வைத்தியர்கள் ராஜிநாமாக் கொடுக்க முன்வந்தனர்; ஒரு மாதம் இருந்து பாருங்கள் என்றார்; இருந்துவிட்டனர்.

அப்பிரிவு செய்த பணிகளுள் ஒன்றைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து மேகநோய்க் கிருமி தொற்றிக் கண்ணிழந்த குழந்தைகள் அன்று பலர். இதைத் தடுக்கச் சில்வர் நைட்ரேட் திரவத்தில் ஒரு சொட்டைக் கண்ணில் விட்டால் போதும்; ஆனால், அடிக்கடி திறந்து மூடும் புட்டியில் அத்திரவம் வற்றி உக்கிரமாகிக் கண்ணையே புண்ணாக்கிவிடும், அல்லது அசுத்தமாகிப் பயனற்றுப்போகும். தேன்மெழுகினால் சிறு சிறு கூடுகள் செய்து, ஒரு கண்ணுக்கு வேண்டிய அளவை ஒவ்வொன்றிலும் அடைத்து, மருத்துவச்சிகளின் கையிற் சேர்ப்பித்தார் பேக்கர். அந்த மருத்துவச்சிகளை ஒழித்துவிடவேண்டும் என்று வைத்தியர்கள் பலர் கூச்சலிட்டபோது, தம் பாஷை பேசும் கிழவியை விட்டு அந்நிய ஆடவரைப் பிரசவ அறைக்குள் இத்தாலியப் பெண் அனுமதிக்கமாட்டாள் என்பதை அறிந்திருந்த அவர், அவர்களுக்கு உரிமமும் பயிற்சியும் அளிப்பதே வழியென்று வாதாடினார். 1911-இல் பெல்வியூ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளுக்கென்றே பள்ளி தோன்றியது. தாய் வேலைக்குப் போக, தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்த சிறுமிகளுக்கும் பள்ளியிலே சங்கம் வைத்துச் சிசு பராமரிப்பைக் கற்பித்தார். கற்றதை அவர்கள் வீட்டு மொழியில் தாய்க்குச் சொன்னார்கள்.

இத்தனை நற்பணிகளையும் எழுதுகிறவன் மேரி மல்லனை மறைத்துவிடலாகாது. டைபாய்டுக் கிருமியைத் தன்னுடம்பிற் சுமந்தும் தான் நோயுறாதிருந்த இந்த அயர்லாந்துச் சமையற்காரியை, 1907-இல் போலீஸாருடன் சென்று பிடித்து வந்தவர் பேக்கரே. நார்த் பிரதர் தீவில் அடைக்கப்பட்ட மேரி, இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910-இல் விடுதலையானாள்; மீண்டும் சமையல் வேலையிற் காணப்பட்டு 1915-இல் பிடிபட்டு, 1938-இல் இறக்கும்வரை அங்கேயே வைக்கப்பட்டாள். அவளால் பிறருக்கு நேர்ந்த அபாயம் உண்மையே. எனினும், 1908-இல் ஏழைத் தாயின் வாசலில் நின்ற தாதி அவளுக்கு உபயோகமான ஒன்றைக் கொண்டு சென்றாள். மேரியின் வாசலுக்குச் சென்ற இலாகாவோ அவளிடமிருந்து கேட்டுப் பெறுவதற்கு மட்டுமே சென்றது. சமையலைத் தவிர அவள் பிழைப்பதற்கு என்ன வழி என்பதை முன்னதாகச் சிந்தித்திருந்தால், அவள் கதை வேறாக முடிந்திருக்கக்கூடும். பிற்காலத்தில் எழுதிய சுயசரிதத்தில் பேக்கர் அவளைப் பரிவோடுதான் நினைவுகூர்கிறார்.

பொதுச் சுகாதாரப் படிப்பிற் பெண்களைச் சேர்க்க மறுத்த நியூயார்க் பல்கலைக்கழகம், அவரை உபந்நியாசம் செய்ய அழைத்தபோது, என்னையும் மாணவியாகச் சேர்த்தாலொழிய வரமாட்டேன் என்று நின்று, 1917-இல் பொதுச் சுகாதார டாக்டர் பட்டத்தையும் பெற்றார். 1923-இல் அவர் பதவியிலிருந்து விலகும்போது, அமெரிக்கப் பெருநகரங்களுள் சிசு மரணம் மிகக் குறைந்தது நியூயார்க்கே. இதற்குள் தாய் சேய் நலத்துக்கு நாடு முழுவதும் மத்திய அரசு பொருளுதவி செய்யும் சட்டம் 1921-இல் நிறைவேறியிருந்தது. வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்பினால் 1929-இல் அது காலாவதியாயிற்று. பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் அந்நிதிக்கு மீண்டும் இடம் கிடைத்தது. பேக்கர் அதைக் கண்ணாற் காண உயிரோடிருந்தார்.