வட துருவக் கடலின் களஞ்சியம்

நம் வீடுகளில் கொழுப்பு என்பது வசைச்சொல். "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்று திட்டு வாங்காமல் வளர்ந்தவர் நம்முள் எத்தனை பேர்? ஆனால் வட துருவக் கடலிலே கொழுப்புத்தான் வாழ்வு. அதைத் திரட்டித் தருவதோ, அரிசி மணி அளவைத் தாண்டாத ஒரு சிற்றுயிர்! விலங்கியல் மாணவனாகிய நான் படித்து வியந்த அச்செய்தியை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நார்வே நாட்டுக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையம் 2008-ஆம் ஆண்டு முதல் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதம் கதிரவன் மறைவதில்லை; ஏறத்தாழ நான்கு மாதம் உதிப்பதுமில்லை. ஒளியின்றிப் பாசி வளராது. பாசியின்றிக் கடலில் மற்றோர்க்கு உணவேது? ஆகவே வசந்தமும் கோடையுமான சில மாதங்களே அங்கு விளைச்சல் காலம். எஞ்சிய மாதங்களுக்கு என்ன வழி?

ஒரு போகமே விளையும் ஊரில் உழவர் நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து ஆண்டு முழுவதும் உண்பர். துருவக் கடலுக்குக் குதிராக அமைந்தது 'கலானஸ்' என்னும் உயிர். இது இறாலுக்குத் தூரத்து உறவு. நீரோட்டத்தின் போக்கிலே மிதந்து திரிவதால் இதையும், இது உண்ணும் நுண்பாசியையும் மிதவை உயிர்கள் என்கிறோம்.

பனிக்கட்டியின் அடிப்புறத்திலும் கடல்நீரிலும் வளரும் நுண்பாசியின் உலர்ந்த எடையில் கொழுப்பு நூற்றுக்கு 10 முதல் 20 பங்குதான். அதைத் தின்று கொழுத்த கலானஸின் உடலிலோ 50 முதல் 70 பங்கு! கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் நீண்ட எண்ணெய்ப் பை ஒன்று இருப்பதை நுண்பெருக்கியில் தெளிவாகக் காணலாம். அவ்வெண்ணெயில் பெரும்பகுதி மெழுகு வகையைச் சேர்ந்தது. சாதாரணக் கொழுப்பை அன்றாடச் செலவுக்கு வைத்த சில்லறை என்றால், இம்மெழுகை வங்கியில் போட்ட நீண்டகால வைப்பு எனலாம்.

இவ்வாறு காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்ட கலானஸ், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திற்கு இறங்கி, உண்ணாமல் உறங்கியவாறு குளிர்காலத்தைக் கழிக்கிறது. இவ்வினத்தின் மிகப் பெரிய வகை, கடுங்குளிரில் ஒரு கவளமும் உண்ணாமல், சேமித்த கொழுப்பைக் கொண்டே முட்டையும் இடுகிறது.

இக்களஞ்சியத்தை நம்பி எத்தனை வாய்கள்! போஹெட் என்னும் திமிங்கிலம் கலானஸை நேராக வடிகட்டி உண்டு, ஒன்றரை அடிப் பருமன் வரை கொழுப்புப் போர்வை வளர்க்கிறது. துருவக் காட் மீன் கலானஸை உண்கிறது; மீனைக் கடல்நாய் உண்கிறது; கடல்நாயின் கொழுப்பைத் தேடிப் பனிக்கரடி வருகிறது. பாசியிலிருந்து கரடி வரை ஐந்தே படிகள். 'ஒமேகா-3' என்று மருந்துக் கடைகளில் விற்கிறார்களே, அக்கொழுப்பமிலங்களைப் பாசி ஆக்குகிறது. மீனும் கடல்நாயும் பெரும்பாலும் உணவின் வழியே பெறுகின்றன.

இக்களஞ்சியத்துக்கு இன்று ஓர் ஆபத்து நேர்ந்திருக்கிறது. 1979 முதல் வட துருவப் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவில் சூடேறி வந்துள்ளதாக 2022-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டுகிறது. ஸ்வால்பார்ட் கடலில் அட்லாண்டிக்கின் வெந்நீர் மிகுதியாகப் புகுகிறது. அதனுடன் அட்லாண்டிக் கலானஸும் வருகிறது. அதுவும் அதே குடும்பந்தான்; ஆனால் உடல் சிறிது, ஒவ்வொன்றும் சேர்க்கும் கொழுப்பும் பல மடங்கு குறைவு.

சிறியது விரைவில் வளரும், ஓராண்டிலேயே முதிர்ந்து தலைமுறை பெருக்கும், ஆகவே மொத்தக் கொழுப்பு அவ்வளவு குறையாது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அவ்வாதம் மீனுக்குப் பொருந்தலாம். ஆனால் 'லிட்டில் ஆக்' என்னும் கடற்பறவையை நினைத்துப் பாருங்கள். மைனா அளவே உள்ள அது, நாளொன்றுக்குப் பல்லாயிரம் கலானஸைப் பிடித்தாக வேண்டும். குஞ்சுக்கும் தொண்டைப் பையில் சுமந்து செல்ல வேண்டும். இரை மெலிந்தால் அது அதிகத் தூரம் பறக்க வேண்டும், அதிக முறை முழுக வேண்டும். கடலில் மொத்தம் எவ்வளவு கொழுப்பு இருந்தாலென்ன? பறவைக்குக் கிடைப்பது ஒவ்வொரு முழுக்கிலும் அதன் அலகில் சிக்குவது மட்டுமே.

கடலிலே எத்தனை உயிர்கள் உள என்று எண்ணுவதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடக் கூடாது என்பதே நான் கண்ட பாடம். எண்ணிக்கையில் நிறைந்த கடல், கொழுப்பில் வறண்டிருக்கவும் கூடும்.